வாசலில் ஒரு சிங்கம், பக்கத்தில் நம் பிள்ளை

 

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் அலுவிகாரையைக் கடந்து போகும் வான்களுக்குக் கணக்கே இல்லை. கண்டியிலிருந்து வருபவர்களும் அக்குறணையிலிருந்து வருபவர்களும் எங்கள் மாத்தளைக் குடும்பங்களும் தம்புள்ளை, சிகிரியா என்று வடக்கே போவதற்கு இந்த ஏ-9 பாதையைத்தான் பிடிக்க வேண்டும். வானுக்குள் சோற்றுப் பார்சல் இருக்கும், தண்ணீர்ப் போத்தல் இருக்கும், உம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டி இருக்கும். இப்போது ஆளுக்கொரு கைத்தொலைபேசியும் இருக்கிறது. போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். சிகிரியாவின் சிங்கப் பாதத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும்!

இந்த ஆசையை வைத்து இரண்டு விதமான தாய்மார்கள் என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். ஒரு சாரார், “ஹஸரத், சிலை இருக்கிற இடமாமே, பிள்ளையைக் கல்விச் சுற்றுலாவுக்கு அனுப்பாமல் இருந்தால்தானே நல்லது?” என்கிறார்கள். மறுசாரார் படத்தை எடுத்து, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, முன் விறாந்தையில் கிப்லாவுக்கு நேராக மாட்டிவிட்ட பிறகு, “இது கூடுமா?” என்று கேட்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் சேர்த்தே இக்கட்டுரை.

முதலில் அந்தச் சிங்கம் எது, எதற்காக வாசலில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைப் பற்றி ஹலால் ஹராம் பேசுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அது நல்ல வழக்கமல்ல.

காட்டில் இல்லாத சிங்கம்

இலங்கையின் காடுகளில் இன்று சிங்கம் கிடையாது. யானை உண்டு, சிறுத்தை உண்டு, கரடி உண்டு. சிங்கம் வேண்டுமென்றால் மிருகக்காட்சிசாலை போன்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் கல்லிலும் மரத்திலும் துணியிலும் பார்த்தால் இந்நாட்டில் சிங்கத்துக்குக் குறைவே இல்லை. அநுராதபுரத்துச் சந்திரவட்டக் கற்களில் யானையோடும் குதிரையோடும் எருதோடும் சிங்கமும் வரிசையில் நடக்கிறது. கண்டி மன்னர்களின் அரியணையில் கை வைக்கும் இடம் இரண்டு சிங்கங்கள். 1693இல் ஒல்லாந்தர் அன்பளிப்புச் செய்த அந்த அரியணை ஆங்கிலேயர் கையில் இங்கிலாந்து போய், 1934இல் திரும்பி வந்து, கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. கண்டி அரசின் கொடியிலிருந்த வாளேந்திய சிங்கம்தான் நமது தேசியக் கொடியிலும் இருக்கிறது. 1951இல் அக்கொடி இறுதி செய்யப்பட்டபோது சிங்கத்துக்கு முன்னால் இரண்டு பட்டைகளைச் சேர்த்தார்கள். செம்மஞ்சள் பட்டை தமிழர்களுக்கு, பச்சைப் பட்டை முஸ்லிம்களுக்கு. ஆக, சகோதரிகளே, 1951 முதல் நாம் அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்!

வாசலில் சிங்கத்தை நிறுத்துவது இந்நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. சீனாவில் கோயில் வாசலிலும் அரண்மனை வாசலிலும் இணை இணையாகச் சிங்கங்கள் இருக்கும். சிக்காகோ நகரின் கலைக்கூட வாசலில் 1894 முதல் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கின்றன. அங்கே குடியேறிய நம் உறவினர்கள் அவற்றின் முன்னால் நின்று எடுத்த படத்தைத்தான் பெரும்பாலும் முதலில் ஊருக்கு அனுப்புகிறார்கள். பலம், காவல், கம்பீரம் என்று மனிதன் நினைத்தால் அவன் மனதில் முதலில் வருவது இந்த மிருகம்தான்.

நம்மிடம் மட்டும் என்ன? அஸத், ஹைதர், அப்பாஸ், ஹம்ஸா, லைத், உஸாமா, கழன்ஃபர் ஆகிய அனைத்தும் சிங்கத்தைக் குறிக்கும் பெயர்கள்தாம். அரபு மொழி அறிஞர்கள் சிங்கத்தின் பெயர்களை மட்டும் நூற்றுக்கணக்கில் தொகுத்திருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களுக்கு ‘அஸதுல்லாஹ்’, அல்லாஹ்வின் சிங்கம், என்பது பட்டப்பெயர். உங்கள் வீட்டில் தொட்டிலில் கிடப்பவனே ஒரு சிங்கமாக இருக்கலாம்!

சிகிரியாவும் யாப்பகூவாவும்

சிகிரியா நம்முடைய மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. சிங்கப்பாறை என்பதே பெயரின் பொருள். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் அந்தப் பாறையின் உச்சியில் அரண்மனை கட்டினான். பாறையின் வடக்குப் பக்கத்தில் பாதி உயரத்தில் ஒரு மேடை. அங்கிருந்து மேலே ஏறும் படிகள் ஒரு மாபெரும் சிங்கத்தின் உடலுக்குள் நுழைந்து போவதுபோல் செங்கல்லாலும் சாந்தாலும் அமைக்கப்பட்டிருந்தன. காலப்போக்கில் தலையும் மார்பும் விழுந்துவிட்டன. பாதங்கள் மண்ணுக்குள் மறைந்தன. 1898இல் எச்.சீ.பீ. பெல் என்ற தொல்பொருள் ஆணையாளரின் ஆட்கள் மண்ணை அகற்றியபோதுதான் நகங்களோடு கூடிய இரண்டு பாதங்கள் வெளியே வந்தன. நம் பிள்ளைகள் படம் எடுக்க ஆசைப்படுவது இந்தப் பாதங்களுக்கு நடுவில்தான். பக்கத்தில் ஒரு பிள்ளை நின்றால்தான் அந்த நகம் எவ்வளவு பெரியது என்பதே படத்தில் விளங்கும்.

யாப்பகூவா குருநாகல் மாவட்டத்தில், மஹவைக்கு அருகில் இருக்கிறது. அங்கே செங்குத்தான கற்படிகளின் இருபுறமும் முழு உருவத்தில் இரண்டு சிங்கங்கள். பிதுங்கிய கண், சுருள் பிடரி, அகன்ற வாய். பார்த்தால் சீனத்துச் சிங்கம் போலவே இருக்கும். பழைய பத்து ரூபாய்த் தாளில் இருந்த சிங்கம் ஞாபகமிருக்கிறதா? அது இதுதான். வருடக்கணக்கில் அதை மடித்துச் சட்டைப்பையிலும் முந்தானை முடிச்சிலும் வைத்துக்கொண்டு தொழுதோம்.

இந்த யாப்பகூவாவில் இருந்து ஆண்டவன் முதலாம் புவனேகபாகு. காலம் 1272 முதல் 1284 வரை. அரபு வரலாற்று நூல்களில் இவன் பெயர் ‘அபூ நெக்பா’ என்று வருகிறது. 1283இல், ஹிஜ்ரி 682இல், இவனுடைய தூதுக்குழு ஒன்று கெய்ரோவில் மம்லூக் சுல்தான் கலாவூனின் தர்பாரை அடைந்தது. அதன் தலைவர் அல்ஹாஜ் அபூ உஸ்மான் என்ற முஸ்லிம். எங்கள் நாட்டில் முத்து இருக்கிறது, இரத்தினக்கல் இருக்கிறது, யானை இருக்கிறது, கறுவா இருக்கிறது, நேரடியாக வியாபாரம் செய்வோம், வாருங்கள் என்பதுதான் செய்தி. மன்னனின் கடிதம் தங்கப் பேழைக்குள் இருந்தது. அதிலிருந்த எழுத்தை வாசிக்கக் கெய்ரோவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தூதர்கள் வாயால் சொன்னதையே கேட்டுக்கொண்டார்களாம்.

ஒரு பௌத்த அரசன் தன் நாட்டின் சார்பில் பேச ஒரு முஸ்லிம் ஹாஜியாரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறான். சிங்கங்கள் காவல் நிற்கும் அந்த நகரத்திலிருந்து கிளம்பிய அபூ உஸ்மான், எகிப்தில் போய்ச் சேர்ந்த இடத்திலும் சிங்கங்களைப் பார்த்திருப்பார். கலாவூனுக்குச் சில வருடங்களுக்கு முன் ஆண்ட சுல்தான் பைபர்ஸின் சின்னமே சிங்கம்தான். கெய்ரோவில் அவர் கட்டிய பாலத்துக்குச் ‘சிங்கங்களின் பாலம்’ என்றே பெயர். பலஸ்தீனத்தில் லுத் நகருக்கு அருகே 1273இல் அவர் கட்டிய பாலத்தில் கற்சிங்கங்கள் இன்றும் இருக்கின்றன.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இனி விஷயத்துக்கு வருவோம். உருவம் படைப்போருக்குக் கடும் வேதனை உண்டு என்று வந்துள்ள ஹதீஸ்கள் ஸஹீஹானவை. உருவப்படம் உள்ள வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்பதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. இதில் எவரும் மழுப்பத் தேவையில்லை.

ஆனால் அதே ஹதீஸ் நூல்களில் வேறு செய்திகளும் இருக்கின்றன. ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் கொண்ட ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. திரை இறக்கப்பட்டது. ஆயிஷா (ரலி) அதை வெட்டித் தலையணை தைத்தார்கள். அதில் நபி (ஸல்) அவர்கள் சாய்ந்து அமர்ந்தார்கள். துணி அதேதான். தொங்கவிட்டு மரியாதை செய்த இடத்திலிருந்து சாய்ந்துகொள்ளும் இடத்துக்கு வந்ததும் சட்டம் மாறிவிட்டது. இன்னொரு சமயம் ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணிச் சிறகு வைத்த ஒரு குதிரையைக் கண்டு நபியவர்கள் விசாரித்தார்கள். சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததாமே என்று பதில் வந்தபோது கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் இதைப் படிக்கும்போதெல்லாம் என் வகுப்புப் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள்.

நாம் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நம் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இந்த விஷயத்தில் கடுமையானவர்கள். உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்வது, அது நிழல் விழும் சிலையானாலும் துணியில் வரைந்ததானாலும் ஹராம் என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஏற்கெனவே செய்யப்பட்டதை வைத்திருப்பது பற்றிப் பேசும்போது, சுவரில் தொங்குவதையும் காலடியில் மிதிபடுவதையும் பிரித்துக் காட்டுகிறார்கள்.

இமாம் நவவி வாழ்ந்தது சுல்தான் பைபர்ஸின் ஆட்சியில்தான். இருவரும் வஃபாத்தானது ஹிஜ்ரி 676இல், அதாவது 1277இல். சுல்தானுக்கு எதிரே துணிந்து நின்ற ஆலிம் என்று நவவியை வரலாறு போற்றுகிறது. எதற்காக நின்றார்கள்? டமஸ்கஸ் மக்களின் தோட்டங்களை அரசு பறிக்கப் பார்த்ததற்காகவும், ஏழைகள் மீது சுமத்தப்பட்ட வரிக்காகவும். கல்லில் உள்ள சிங்கத்தைவிட மக்களின் காணியை விழுங்க வந்த சிங்கம்தான் அந்த இமாமின் உறக்கத்தைக் கெடுத்தது என்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

கமரா விஷயம் பின்னால் வந்தது. ஓர் இருட்டறையில் சிறு துளை வழியே வரும் வெளிச்சம் எதிர்ச் சுவரில் வெளியுலகத்தைத் தலைகீழாகக் காட்டும் என்பதைப் பரிசோதித்து எழுதியவர்களில் முதன்மையானவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். காலம் கி.பி. 1040ஐ ஒட்டி. கமரா என்ற சொல்லுக்கே அறை என்றுதான் பொருள். புனித மதீனாவை முதன்முதலில் 1861இல் படம்பிடித்தவர் முஹம்மத் ஸாதிக் பே என்ற எகிப்திய இராணுவ அதிகாரி. ஏறத்தாழ இருபது வருடங்களின் பின் மக்காவையும் அவரே படம்பிடித்தார். 1914 முதல் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷேக் முஹம்மத் பகீத் அல்-முதீஈ அவர்கள், புகைப்படம் என்பது அல்லாஹ் படைத்த ஒன்றின் நிழலைப் பிடித்து நிறுத்துவதே, புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பது அல்ல, ஆகவே ஆகும் என்று தனி நூலே எழுதினார்கள். இதை ஏற்காத ஆலிம்களும் இருக்கிறார்கள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை போன்ற தேவைக்கு மட்டுமே கூடும் என்பது அவர்கள் தீர்ப்பு. இருசாராரும் தக்வா உள்ளவர்களே.

பகீத் அவர்களின் கருத்தை ஏற்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இது. சிகிரியாவின் சிங்கப் பாதத்தையோ யாப்பகூவாச் சிங்கத்தையோ படம்பிடிப்பதால் நீங்கள் சிலை செய்தவராக மாட்டீர்கள். அது முன்னோர் கட்டிய வாசல். வணங்குவதற்காக எவரும் அதன் முன் வருவதில்லை. பாடம் படிப்பதற்காகவும் ஞாபகத்துக்காகவும் படம் எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அதைக் கிப்லாச் சுவரில் மாட்டாதீர்கள். அல்பத்தில் வையுங்கள். எடுக்கக்கூடாது என்ற கருத்தில் உள்ள குடும்பமானால் எடுக்க வேண்டாம். ஆனாலும் பிள்ளையை அனுப்புங்கள். பார்ப்பதைத் தடுக்கும் ஆதாரம் எதையும் நான் படித்ததில்லை. அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் படை எகிப்தை வென்றது 641இல். கீஸாவில் மனிதத் தலையும் சிங்க உடலுமாய் இருக்கும் ‘அபுல் ஹவ்ல்’ இன்றும் அங்கேதான் இருக்கிறது. கிரனாடாவின் அல்ஹம்ரா அரண்மனையில் பன்னிரண்டு சலவைக்கற் சிங்கங்கள் நீர்த்தொட்டியைச் சுமந்து நிற்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் அந்த முற்றத்தை அமைத்தவன் ஐந்தாம் முஹம்மத் என்ற முஸ்லிம் மன்னன். மன்னர்கள் செய்ததெல்லாம் மார்க்கமாகாது, உண்மை. ஆனாலும் நம் வரலாற்றில் சிங்கமே இல்லை என்று பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது அல்லவா?

தத்மூரின் சிங்கம்

நூதனசாலை வாசலில் நின்ற ஒரு காவல் சிங்கத்தின் கதையை இங்கே சொல்லியே ஆகவேண்டும். சிரியாவில் பல்மைரா, நம் கிதாபுகளில் தத்மூர். அங்கே 1977இல் போலந்து ஆய்வாளர்கள் ஒரு சுண்ணக்கற் சிங்கத்தைக் கண்டெடுத்தார்கள். மூன்றரை மீற்றர் உயரம், 15 தொன் எடை. சுமார் 2000 வருடம் பழையது. அல்-லாத் என்ற தெய்வத்தின் கோயில் வாசலில் காவலாக நின்றது. ஸூரா அந்நஜ்மில் நாம் ஓதும் அதே லாத்! சிங்கத்தின் முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு மான் பயமில்லாமல் படுத்திருக்கும். இந்த எல்லைக்குள் இரத்தம் சிந்தாதவருக்கு அருள் உண்டு என்ற கருத்தில் பாதத்தில் ஓர் எழுத்து. அந்தச் சிங்கத்தைப் பல்மைரா நூதனசாலையின் வாசலில் நிறுத்திவைத்தார்கள். ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

2015 ஜூன் மாதம் ஐ.எஸ். கும்பல் அதை உடைத்தது. லாத்தின் சிலையை உடைப்பது சுன்னத் என்பது அவர்களின் வாதம். தாயிஃபில் லாத் உடைக்கப்பட்டது உண்மையே. எப்போது? அதை வணங்கிய ஸகீஃப் கூட்டத்தார் இஸ்லாத்தை ஏற்ற பிறகு. தத்மூரில் அந்தச் சிங்கத்தை வணங்க ஒரு மனிதன் இருந்தானா? நூற்றாண்டுகளாக இல்லை. ஆனால் அதே ஆகஸ்ட் மாதம், எண்பது வயதைத் தாண்டிய தொல்பொருள் அறிஞர் காலித் அல்-அஸ்அதை அதே கும்பல் கொன்றது.  கல்லில் தொடங்கிய கை முஸ்லிமின் கழுத்தில் போய் நின்றது.

2005இல் அச்சிங்கத்தைச் சீரமைத்த போலந்து நிபுணர் பார்தோஷ் மார்கோவ்ஸ்கியே மீண்டும் வந்து துண்டுகளைப் பொருத்தினார். 2017இல் அது டமஸ்கஸ் தேசிய நூதனசாலையில் மறுபடி நிமிர்ந்தது. உடைந்த கல்லைச் சேர்ப்பவருக்கு எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று காட்டுவது பழைய படங்கள்தாம். நம் நாட்டிலும் 1870, 71ஆம் வருடங்களில் ஜோசப் லோட்டன் என்பவர் அரசுக்காக எடுத்த படங்கள் இல்லையென்றால், காடு மூடிக் கிடந்த அநுராதபுரமும் பொலன்னறுவையும் சீர்செய்யப்படுமுன் எப்படி இருந்தன என்று நமக்குத் தெரிந்திராது.

படம் எடுப்பதும் வம்பு தேடுவதும்

இனி, தாய்மார்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதி. இது மார்க்கத் தீர்ப்பைவிட அவசரமானது என்று எனக்குப் படுகிறது.

2012 ஆகஸ்டில் மூன்று பிரெஞ்சு உல்லாசப் பயணிகள் புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் விளையாட்டாகப் படம் எடுத்து, அதை அச்சிட ஸ்டூடியோவில் கொடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் பொலிஸுக்குச் சொன்னார். காலி நீதிமன்றம் ஆறு மாதக் கடூழியச் சிறையை ஒத்திவைத்துத் தீர்ப்பளித்தது. 2015இல் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறிய மட்டக்களப்பு இளம்பெண் ஒருவருக்கு இரண்டு வருடச் சிறை கிடைத்தது. பின்னர் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில்தான் வீடு திரும்பினார். உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஏழைப் பெண் அவர். 2019 ஜனவரியில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் கைதானார்கள். ஹொரவப்பொத்தானைக்கு அருகே கிரலாகல தாதுகோபுரத்தின் மேல் ஏறி நின்று எடுத்த படத்தை முகநூலில் போட்டதுதான் குற்றம். விளக்கமறியல், வழக்கு, அபராதம்.

அந்தத் திகதிகளைக் கவனியுங்கள். மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டது 2018 டிசம்பரில். மாணவர்களின் படம் பிடிபட்டது அடுத்த மாதம். ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுப் படுகொலை. சிலையை உடைத்தவன் வேறு, தூபியில் ஏறிப் படம் எடுத்த அறியாப் பிள்ளை வேறு. ஆனால் பக்கத்து வீட்டுச் சிங்களத் தாயின் கண்ணுக்கு இரண்டும் ஒரே படமாகத்தான் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் பர்தாவோடு பஸ்ஸில் ஏறிய நம் பெண்கள் பட்ட பாட்டை நான் எழுதத் தேவையில்லை. அவர்கள் அழைத்து வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்று ஸூரா அல்-அன்ஆமில் அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான். ஏசுவதற்கு நாக்குத்தான் வேண்டும் என்பதில்லை. கால் வைக்கும் இடமும் ஏச்சாகும்.

ஆகவே பிள்ளைகளிடம் புறப்படுமுன்பே சொல்லிவையுங்கள். எந்தக் கல்லின் மீதும் ஏறக்கூடாது. சிங்கத்தின் மடியில் உட்காரக்கூடாது, வாய்க்குள் கைவிடக்கூடாது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக்கூடாது. சிகிரியா ஓவியங்களைப் படம்பிடிக்க அனுமதி இல்லை, அங்கே கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். சிங்க மேடையில் சத்தம் போடக்கூடாது. பாறையில் குளவிக்கூடுகள் இருக்கின்றன. கலைந்தால் ஒளிந்துகொள்வதற்கென்றே அங்கே வலைக்கூண்டு வைத்திருக்கிறார்கள்.

அலுவிகாரையில் இறங்கிப் பாருங்கள்

வான் அலுவிகாரையைக் கடக்கும்போது நிறுத்திப் பார்ப்பவர்கள் நம்மவர்களில் குறைவு. மாத்தளை நகரிலிருந்து மூன்று கிலோமீற்றர்தான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாக மனனம் செய்து வந்த திரிபிடகத்தை பிக்குமார் இங்கேதான் ஓலையில் எழுதினார்கள். காரணம், போரும் பஞ்சமும். மனனம் செய்தவர்கள் இறந்துகொண்டே போனால் வேதம் என்னாவது என்ற பயம். யமாமா யுத்தத்தில் ஹாஃபிழ்கள் பலர் ஷஹீதானபோது உமர் (ரலி) அவர்களுக்கு வந்ததும், அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு குர்ஆனை ஒன்று திரட்டியதும் இதே போன்ற கவலையால்தான். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயப் படை அடக்கியபோது இங்கிருந்த ஏட்டுச் சுவடிகள் அழிந்தன. இன்றும் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக் காட்டுகிறார்கள். உங்கள் மகளுக்குக் காட்டுங்கள்.

பெண்கள் அறிய வேண்டிய இன்னொரு விஷயமும் இவ்வூரில் இருக்கிறது. 1922இல் பிறந்து 2015இல் காலமான ஏனா டி சில்வா என்ற பெண்மணி இந்த மண்ணின் மகள். பொலிஸ் மா அதிபராக இருந்த முதல் இலங்கையரான சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் புதல்வி. கொழும்பில் பெயர் பெற்ற பிறகு ஊருக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பத்திக் துணியும் தையலுமாக ஒரு நிலையத்தை நடத்தினார். கோட்டே பாராளுமன்றக் கட்டிடத்துக்கான கொடிகளையும் அவரே வடிவமைத்துக் கொடுத்தார். கல்லில் செய்ததை ஆண்கள் செய்தார்கள் என்றால், துணியில் இந்நாட்டு உருவங்களைக் காப்பாற்றியதில் அலுவிகாரைப் பெண்களின் ஊசிக்கும் மெழுகுக்கும் பங்குண்டு.

கொழும்புக்குப் போகிறவர்கள் தேசிய நூதனசாலைக் கட்டிடத்தையும் ஒருமுறை நின்று பாருங்கள். 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையைக் கட்டி முடித்தவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார் என்ற நம்மவர். என்ன சன்மானம் வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமையில் இதை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். வெகுகாலம் அப்படியே நடந்தது. உள்ளே ஆயிரம் சிலைகள் வைக்கப்போகும் கட்டிடம் என்று தெரிந்தேதான் அவர் கட்டினார். ஜும்ஆவையும் மறக்கவில்லை!

எப்படி எடுப்பது?

படம் எடுப்பது என்று முடிவு செய்தால் ஒழுங்காக எடுங்கள். உச்சி வெயிலில் கற்சிங்கம் தட்டையாகத் தெரியும். பிடரிச் சுருளும் நகமும் விளங்காது. காலையிலோ, அஸருக்குப் பின்னரோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு உளிக்கோட்டிலும் நிழல் விழுந்து கல்லுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். சிகிரியாச் சிங்கம் வடக்கு நோக்கியது. ஆகவே காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் நன்றாக வரும். பிளாஷ் வேண்டாம். நின்ற உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்தால் சிங்கம் பூனையாகிவிடும். முழங்காலை மடித்து, அதன் மார்பு உயரத்துக்குக் கமராவை இறக்குங்கள். பிள்ளையைச் சிங்கத்தோடு ஒட்டி நிறுத்தாமல் இரண்டு அடி முன்னால் பக்கவாட்டில் நிறுத்துங்கள். பின்னால் முன்பின் தெரியாத பெண்கள் நின்றால் அவர்கள் விலகும்வரை காத்திருங்கள். அவர்களின் படம் நம் தொலைபேசியில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

தொலைபேசியில் கிடக்கும் ஆயிரம் படங்களில் எதுவும் மிஞ்சாது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து ஸ்டூடியோவில் கொடுத்து அச்சிடுங்கள். அதன் பின்புறம் பென்சிலால், பேனாவால் வேண்டாம், மை மறுபக்கம் ஊறும், ஊரின் பெயரையும் திகதியையும் ஹிஜ்ரி வருடத்தையும் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சிங்கத்தைக் கட்டிய அரசனின் பெயரையும் சேர்த்து எழுதட்டும்.